ஹட்சன் நதிக்கரையில் டச்சு வீடுகளைத் தேடி

வெள்ளி, மன்ஹாட்டன்

டச்சுக்காரர்கள் இந்த ஊரை ஆண்டது நாற்பது வருடம்தான். 1624-ல் முதல் குடும்பங்கள் வந்து இறங்கின. 1664-ல் ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள் துறைமுகத்தில் வந்து நின்றதும் சண்டையில்லாமல் ஊரை ஒப்படைத்துவிட்டார்கள். நியூ ஆம்ஸ்டர்டாம், நியூயார்க் ஆனது. அந்தக் காலத்தில் கட்டிய வீடுகளில் ஒன்றுகூட இன்று கீழ் மன்ஹாட்டனில் இல்லை. இடித்தது போக மிஞ்சியவற்றை 1776, 1835 ஆகிய வருடங்களின் பெரும் தீ விபத்துகள் கொண்டுபோய்விட்டன.

இது தெரிந்தும் பயணத்தை இங்கேயே தொடங்கினேன். வீடுகள் போனாலும் தெருக்கள் போகவில்லை. பிராட் ஸ்ட்ரீட் இவ்வளவு அகலமாக இருப்பதற்குக் காரணம், அதன் நடுவே ஒரு கால்வாய் ஓடியது. 1676-ல் அதைத் தூர்த்தார்கள். பேர்ல் ஸ்ட்ரீட்தான் அன்றைய கரையோரம். இன்று அங்கே நின்றால் தண்ணீர் கண்ணுக்கே தெரியாது. வால் ஸ்ட்ரீட் ஓடுவது 1653-ல் எழுப்பிய மரவேலியின் வரிசையில். பிராட் ஸ்ட்ரீட் 85-ஆம் எண் கட்டடத்தின் ஓரத்தில், நடைபாதையில் மஞ்சள் செங்கற்களைப் பதித்து ஒரு செவ்வகம் போட்டிருக்கிறார்கள். 1642-ல் சத்திரமாகக் கட்டி, பிறகு நகர மன்றமாக மாறிய கட்டடம் நின்ற இடம் அது. மேலே கண்ணாடிக் கோபுரம், காலடியில் அந்த மஞ்சள் கோடு. வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

அங்கிருந்து இரண்டு நிமிட நடையில் ஸ்டோன் ஸ்ட்ரீட், சவுத் வில்லியம் ஸ்ட்ரீட். சவுத் வில்லியம் பக்கம் படிப்படியாக ஏறி இறங்கும் முகப்போடு ஒரு வீடு இருக்கிறது. பார்த்த மாத்திரத்தில் ஆம்ஸ்டர்டாம் நினைவு வரும். எல்லோரும் அதைத்தான் படம் எடுக்கிறார்கள். ஆனால் அதைக் கட்டியது 1900-களின் தொடக்கத்தில், சி.பி.எச். கில்பர்ட் என்ற கட்டடக் கலைஞர்.

கூட வந்த அக்கா மகள் இங்கே கட்டடக் கலை படிக்கிறாள். "இதெல்லாம் பழசு மேல ஆசைப்பட்டுக் கட்டினது மாமா. நிஜமான டச்சு வேலையைப் பார்க்கணும்னா வெளியில நின்னு கூரையைப் பார்க்காதீங்க. உள்ளே போய் தலைக்கு மேல என்ன இருக்குன்னு பாருங்க" என்றாள். இனி வரும் நாட்களுக்கு அதுதான் வழிகாட்டல்.

சனி, புரூக்ளின், பிறகு இன்வுட்

காலையில் கிழக்கு புரூக்ளினில் வைக்காஃப் வீடு. கிளாரெண்டன் ரோட்டில், கார் பட்டறைகளுக்கு நடுவில், ஒரு சின்னத் தோட்டத்தோடு தாழ்வாக உட்கார்ந்திருக்கிறது. 1652 வாக்கில் கட்டியது என்கிறார்கள். நியூயார்க் நகரத்தின் மிகப் பழைய வீடு. 1965-ல் நகரம் பாரம்பரியச் சின்னங்களை அறிவிக்கத் தொடங்கியபோது பட்டியலில் முதலில் இடம்பிடித்ததும் இதுவே. கட்டியவர் பீட்டர் கிளாசன். 1637-ல் ஒப்பந்தக் கூலியாக வந்த பையன். ஆங்கிலேயர் ஆட்சி வந்த பிறகுதான் வைக்காஃப் என்ற குடும்பப் பெயரை வைத்துக்கொண்டார்.

முதலில் ஒரே அறை. அப்புறம் 1700-களிலும் 1800-களிலும் பக்கவாட்டில் வளர்ந்திருக்கிறது. சுவர் முழுக்க ஓடு மாதிரி மரச் சில்லுகள் அடுக்கியிருக்கின்றன. கூரை சுவரைத் தாண்டி வந்து, விளிம்பில் லேசாக மேல்நோக்கி வளைகிறது. மழைநீர் சுவரில் படாமல் தள்ளி விழுவதற்கு இது உதவும். இந்த வளைவு ஐரோப்பாவின் ஃபிளாண்டர்ஸ் பகுதியிலிருந்து வந்தது என்று ஒரு தரப்பும், அமெரிக்க மண்ணிலேயே பிறந்தது என்று இன்னொரு தரப்பும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கின்றன. இரண்டாவது தரப்பின் பக்கமே என் மனம் சாய்கிறது. இந்த வளைவு புரூக்ளினிலும் நியூ ஜெர்சியிலும் மண்டிக் கிடக்கிறது. மேலே ஆல்பனி பக்கம் போகப் போகக் குறைகிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கம் என்றால் எல்லா இடத்திலும் இருந்திருக்க வேண்டாமா?

கதவு குறுக்கே இரண்டாக வெட்டியது. மேல் பாதியைத் திறந்தால் காற்றும் வெளிச்சமும் வரும். கீழ் பாதி மூடியிருப்பதால் கோழியும் பன்றியும் வராது.

இந்த வீட்டைப் பற்றிப் பேசும்போது விட்டுவிடக் கூடாத செய்தி ஒன்று உண்டு. 1790-ன் மக்கள்தொகைக் கணக்குப்படி, இன்று புரூக்ளின் என்று சொல்லும் கிங்ஸ் கவுண்டியில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அடிமை. டச்சுப் பண்ணைகளின் கோதுமையை அறுத்ததும், அடுப்பை மூட்டியதும், சுவருக்குக் கல் சுமந்ததும் பெருமளவு அவர்கள்தான். வீட்டைச் சுற்றிக் காட்டியவர் இதைத் தயங்காமல் முதலிலேயே சொன்னார். அது எனக்குப் பிடித்திருந்தது.

மதியம் சுரங்க ரயிலில் நகரத்தின் மறுகோடிக்குப் போனோம். வழியில் இறங்கிச் சாப்பிட்ட தெருவில் வரிசையாக செந்நிறக் கல் வீடுகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் உயரமான படிக்கட்டு. இதன் மூலம் டச்சுக்காரர் வாசலில் வைத்த சின்ன மேடை. இரு பக்கமும் எதிரெதிரே பலகை இருக்கை. மாலையில் வீட்டார் வந்து உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார்கள், போகிறவர் வருகிறவரோடு பேசுவார்கள். நம் ஊர்த் திண்ணையேதான். இருக்கைகள் மறைந்து படிகள் உயர்ந்தது பிற்காலத்தில். ஆனாலும் இன்று சாயங்காலம் அந்தப் படிகளில் ஆட்கள் உட்கார்ந்துதான் இருந்தார்கள்.

இன்வுட்டில் பிராட்வே சாலையின் மேலேயே இருக்கிறது டைக்மன் வீடு. மன்ஹாட்டனில் மிஞ்சிய பண்ணை வீடுகளில் மிகப் பழையது. இதன் கூரைதான் 'டச்சு காலனியல்' என்று சொன்னதும் அமெரிக்கர் மனதில் வரும் கூரை: உச்சியில் மெல்லிய சரிவு, பாதியில் ஒடிந்து செங்குத்தான சரிவு. கேம்ப்ரல் கூரை என்கிறார்கள். ஆனால் இந்த வீட்டின் வயதைப் பாருங்கள். விடுதலைப் போரில் பழைய வீடு அழிந்த பிறகு, 1785 வாக்கில் கட்டியது. டச்சு ஆட்சி முடிந்து நூற்றிருபது வருடம் ஆகிவிட்டது! 1600-களில் இங்கே டச்சுக்காரர் கட்டிய கூரை இரு பக்கமும் நேராக, செங்குத்தாக இறங்குவது. ஒடிந்த கூரை 1700-களில்தான் பரவியது. ஆங்கிலேயக் குடியிருப்புகளில் அது அதற்கு முன்பே இருந்தது.

1916-ல் இந்த வீடு அருங்காட்சியகமாகத் திறந்தது. அந்தக் காலகட்டத்தில்தான் 'டச்சு காலனியல்' மோகமும் நாடெங்கும் பரவியது. சியர்ஸ் நிறுவனம் தபாலில் வீட்டையே விற்றது. பலகை, ஆணி, வரைபடம் எல்லாம் ரயிலில் வந்து இறங்கும். அந்தப் பட்டியலிலும் ஒடிந்த கூரை வீடுகள் இருந்தன. இன்று ஒஹாயோவிலும் இல்லினாயிலும் புறநகர்த் தெருக்களில் நிற்கும் 'டச்சு' வீடுகள் பல இந்த வழியில் வந்தவை. டச்சுக்காரர் வாழாத ஊர்களுக்கு, டச்சுக்காரர் கண்டுபிடிக்காத கூரை, டச்சுப் பெயரோடு போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஞாயிறு, நியூ பால்ட்ஸ்

இன்றைய நாள் முழுவதும் ஒரே தெருவில். பிரான்சிலிருந்து மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த ஹியூகனாட் (புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்) குடும்பங்கள் 1677-ல் எசோபஸ் பழங்குடியினரோடு ஒப்பந்தம் செய்து நிலம் வாங்கி, அடுத்த வருடம் குடியேறிய ஊர் இது. 1700-களின் தொடக்கத்தில் அவர்கள் கட்டிய கல் வீடுகள் அதே இடத்தில் நிற்கின்றன. பிரெஞ்சு பேசியவர்கள் கட்டிய டச்சு வீடுகள்! சுற்றிலும் டச்சுத் தச்சர்கள், டச்சு வழக்கம், டச்சுப் பேச்சு. சில தலைமுறைக்குள் இவர்களும் டச்சு மொழிக்கு மாறிவிட்டார்கள்.

பெவியர்-எல்டிங் வீடு தெருவுக்குத் தன் முக்கோணச் சுவரைக் காட்டி நிற்கிறது. அறைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் போகின்றன. தெருவில் இடம் நெருக்கமான டச்சு நகரங்களின் அமைப்பு அது. இங்கே சுற்றிலும் வெட்டவெளி. இடத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் பழகிய விதத்தில்தான் கட்டியிருக்கிறார்கள்.

1721-ல் கட்டிய ஜான் ஹாஸ்புரூக் வீட்டில்தான் அக்கா மகள் சொன்னது எனக்குப் புரிந்தது. உள்ளே போய்த் தலையைத் தூக்கினால், சுவருக்குச் சுவர் ஓடும் பெரிய பெரிய உத்தரங்கள். எதையும் பூசி மறைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் முகங்களை வழவழவென்று இழைத்திருக்கிறார்கள். பார்ப்பதற்காகவே இழைத்தது என்று தெரிகிறது. ஆங்கிலேய முறையில் நடுவே ஒரு தடித்த உத்தரம் ஓடும். அதன் இரு பக்கமும் சிறு சட்டங்கள் வந்து சேரும். டச்சு முறையில் அந்த நடு உத்தரம் இல்லை. ஒரே அளவிலான உத்தரங்கள் சில அடி இடைவெளியில் வரிசையாகப் போகும், அவற்றின் மேலேயே பலகை. அந்தப் பலகைதான் மேலே பரணுக்குத் தரை. இந்த வீட்டின் பரண் மிகப் பெரியது. தானியத்தை அங்கேதான் ஏற்றிவைத்தார்கள். கோதுமை அன்று இந்தப் பள்ளத்தாக்கின் பணம். அவ்வளவு எடையைத் தாங்கத்தான் இந்த உத்தரங்கள்.

அப்புறம் அந்த அடுப்பு. பக்கச் சுவர்களே கிடையாது. பின்சுவரை ஒட்டித் தரையில் தீ எரியும். மேலே கூரையிலிருந்து பெரிய புகைக்கூடு தொங்கும், அதன் விளிம்பைச் சுற்றி ஒரு துணித் தொங்கல். மூன்று பக்கமும் ஆட்கள் உட்காரலாம். குளிர் கடுமையான ஊரில் வெப்பம் நிறைய வீணாகியிருக்கும், புகையும் அறைக்குள் வந்திருக்கும். பிறகு பெரும்பாலான வீடுகளில் இதை உடைத்துவிட்டு ஆங்கிலேய முறையில் பக்கச் சுவர் வைத்த அடுப்பைக் கட்டினார்கள். ஆனால் உத்தரங்களை மாற்றவில்லை. புகைக்கூடு தொங்குவதற்காக அங்கே மட்டும் உத்தரத்தைக் குறைத்துக் குறுக்குச் சட்டம் கோத்திருப்பார்கள். பழைய வீடுகளை ஆராய்கிறவர்கள் அந்த இணைப்பைப் பார்த்தே, இருநூறு வருடம் முன்பு காணாமல் போன அடுப்பு எங்கே இருந்தது என்று சொல்லிவிடுகிறார்கள்.

பிறகு நிலவறைகளைப் பார்த்தோம். அடிமைகள் சமைத்ததும் படுத்ததும் பெரும்பாலும் வீட்டுக்குக் கீழே. பின்னாளில் அடிமை ஒழிப்புக்குக் குரல் கொடுத்த சோஜர்னர் ட்ரூத் பிறந்தது இதே அல்ஸ்டர் கவுண்டியில், 1797 வாக்கில், டச்சுக் குடும்பம் ஒன்றின் அடிமையாக. அவர் முதலில் பேசிய மொழியே டச்சு. எசமானின் வீட்டு நிலவறையில் எல்லோரும் ஒன்றாகப் படுத்ததையும், பலகைக்கு அடியில் சேறும் தண்ணீரும் நின்றதையும் பின்னாளில் அவர் சொல்லிப் பதிவாகியிருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் அடிமை முறை முடிந்தது 1827-ல். மேலே இழைத்த உத்தரத்தைப் பார்த்துச் சொக்கி நின்ற எனக்கு, நிலவறையின் தாழ்ந்த கூரைக்கு அடியில் குனிந்து நின்றபோது வாய் அடைத்துவிட்டது. இரண்டும் ஒரே வீடு. ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதைப் பார்க்காமல் திரும்புவது சரியில்லை என்று உறுதியாக நினைக்கிறேன்.

திங்கள், கிங்ஸ்டன், ஹைட் பார்க், ரைன்பெக்

கிங்ஸ்டனில் காலை மட்டும். ஜான் தெருவும் கிரவுன் தெருவும் சந்திக்கும் இடத்தில் நான்கு மூலையிலும் விடுதலைப் போருக்கு முந்தைய கல் வீடுகள். 1777 அக்டோபரில் ஆங்கிலேயப் படை இந்த ஊரைக் கொளுத்தியது. கூரையும் மரமும் எரிந்தன, கல் சுவர்கள் நின்றன. அந்தச் சுவர்களுக்குள்ளேயே மறுபடி கட்டிக்கொண்டார்கள். இந்தக் குடியிருப்பைச் சுற்றி டச்சு ஆளுநர் ஸ்டைவசன்ட் மரவேலி போடச் செய்தது 1658-ல். நம் பக்கத்து ஆட்களுக்கு அந்த வருடம் தெரிந்திருக்கும்: யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்குப் போன அதே வருடம். அங்கே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, இங்கே டச்சு மேற்கிந்தியக் கம்பெனி. அங்கே பெரிய கோட்டை எழுந்தது. இங்கே விவசாயிகளைக் கூப்பிட்டு, சிதறிக் கிடக்காமல் வேலிக்குள் வந்து குடியிருங்கள் என்றார்கள்.

மதியம் ஆற்றைக் கடந்து ஹைட் பார்க். அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் மூதாதை 1600-களில் நியூ ஆம்ஸ்டர்டாமுக்கு வந்த டச்சுக்காரர். அந்தப் பற்று அவரிடம் கடைசிவரை இருந்தது. தன் நூலகம் எப்படி இருக்க வேண்டும் என்று 1937-ல் தானே படம் வரைந்தார்: வயல்வெளிக் கல், சரிந்த கூரை. 1941-ல் திறந்தது. மலைமேல் ஓய்வுக்காகக் கட்டிய டாப் காட்டேஜ் வரைபடத்தில் கட்டடக் கலைஞர் என்று தன் பெயரையே போட்டுக்கொண்டார். சக்கர நாற்காலியில் தடையில்லாமல் நடமாட, தன் தேவைக்கு ஏற்ப அவரே திட்டமிட்ட வீடு அது.

அதோடு விடவில்லை. இந்தப் பகுதியில் கட்டிய அரசு அஞ்சலகங்களும் இதே கல்லில்தான் வர வேண்டும் என்றார். ரைன்பெக் அஞ்சலகம் அவற்றில் ஒன்று. 1700-ல் கட்டி, 1910-ல் எரிந்துபோன ஒரு வீட்டின் சாயலில் எழுப்பினார்கள். அந்த இடிபாட்டின் கற்களையும் இதில் சேர்த்தார்கள். நாங்கள் போனபோது ஒருவர் பொட்டலம் அனுப்பக் காத்திருந்தார், சுவரில் ஊரின் வரலாற்றைச் சொல்லும் ஓவியங்கள். அன்றாடம் புழங்கும் கட்டடத்தில் இப்படியொரு அக்கறை இருப்பதைப் பார்த்து மனம் நிறைந்தது.

ஆனால் ரூஸ்வெல்ட்டோடு ஓர் இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. அவருக்கு டச்சு என்றால் கல். உண்மையில் கல் இந்த வட்டாரத்தின் பொருள், அவ்வளவுதான். புரூக்ளினில் மரச் சில்லு, ஆல்பனி பக்கம் செங்கல், இங்கே கல். எது கையில் கிடைத்ததோ அதில் சுவர் எழும்பியது.

செவ்வாய், கிண்டர்ஹூக், ஆல்பனி

லூயகஸ் வான் ஆலன் வீடு, 1737. தட்டையான புல்வெளியில் தனியாக, செக்கச் செவேலென்று. வீடு பூட்டியிருந்தது, வெளியிலேயே சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். இரு முனையிலும் முக்கோணச் சுவர் கூரையைத் தாண்டி மேலே எழுகிறது. அதன் சரிந்த விளிம்பில் செங்கற்களைக் கூரைச் சரிவுக்குச் செங்குத்தாகத் திருப்பி, முக்கோண முக்கோணமாகப் பதித்திருக்கிறார்கள். எலிப்பல் வரிசை என்று இதற்குப் பெயர். வெட்டிய செங்கல்லின் முனை மழைக்கு வெளியே தெரியாமல் காப்பதுதான் அதன் வேலை. சுவரின் மேல் அங்கங்கே கறுப்பு இரும்புப் பட்டைகள். அலங்காரம் என்று தோன்றும். அவைதான் செங்கல் சுவரை உள்ளே இருக்கும் மரச் சட்டகத்தோடு இழுத்துப் பிடித்திருக்கின்றன. அப்படியென்றால் இந்த வீட்டைத் தாங்குவது செங்கல் இல்லை. செங்கல் ஒரு போர்வை, நிற்பது மரம்.

இந்தச் செங்கல் எல்லாம் ஹாலந்திலிருந்து கப்பலில் வந்தது என்று ஊருக்கு ஊர் சொல்கிறார்கள். தொடக்கத்தில் கொஞ்சம் வந்தது உண்மை. ஆனால் ஹட்சன் கரையில் அருமையான களிமண் இருக்கிறது. ஆல்பனிப் பக்கம் 1600-களிலேயே சூளை போட்டுவிட்டார்கள்.

1749-ல் ஸ்வீடன் நாட்டு இயற்கை அறிஞர் பீட்டர் கால்ம் ஆல்பனிக்கு வந்தபோது, பெரும்பாலான வீடுகள் முக்கோணச் சுவரைத் தெருவுக்குக் காட்டி நின்றன. கூரைத் தண்ணீரைக் கொண்டுபோகும் தூம்புகள் கிட்டத்தட்ட நடுத்தெரு வரை நீண்டிருந்தன. சுவருக்கு நல்லது, மழையில் நடப்பவர்களுக்குத் தொல்லை என்று எழுதிவைத்தார். அந்த ஆல்பனி இன்று இல்லை. ஹட்சன் அவென்யூ 48-ல் ஒரு சின்ன வீடு மிஞ்சியிருக்கிறது. பார்த்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், முகப்பு அவ்வளவு மாறிவிட்டது. ஆனால் உள்ளே டச்சுச் சட்டகம் இருக்கிறது. மர வளையங்களை எண்ணி 1728-ல் கட்டியது என்று கண்டுபிடித்தார்கள். ஆல்பனியின் மிகப் பழைய கட்டடம் அது. படிமுகப்பு ஒன்றும் இல்லை, ஒடிந்த கூரை இல்லை, இருந்தும் இந்தப் பயணத்தில் பார்த்த வீடுகளிலேயே டச்சுத்தன்மை மிகுந்தது இதுதான் என்பேன்.

புதன், மேபி பண்ணை

மொஹாக் ஆற்றங்கரையில், ரோட்டர்டாம் ஜங்ஷன். 1705-ல் ஜான் மேபி வாங்கிய பண்ணை. கிட்டத்தட்ட முந்நூறு வருடம் அதே குடும்பத்தின் கையில் இருந்துவிட்டு, இப்போது மாவட்ட வரலாற்றுச் சங்கத்திடம் இருக்கிறது. நாங்கள் வந்தது இங்குள்ள தானியக் களஞ்சியத்துக்காக. வேறு இடத்தில் நின்ற 18-ஆம் நூற்றாண்டுக் களஞ்சியத்தைக் கழற்றி இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் அகன்ற, தாழ்ந்த பக்கச் சுவர், பெரிய கூரை, முக்கோணப் பக்கத்தில் வண்டி நுழையும் கதவு. உள்ளே கால் வைத்ததும் பேச்சு நின்றுவிட்டது. நடுவே உயர்ந்த கூடம், அதன் தரையில் கதிர் அடிப்பார்கள். இரு பக்கமும் தாழ்வான ஒதுக்கு, அங்கே மாடும் குதிரையும். கூடத்தை உருவாக்குவது வரிசையாக நிற்கும் ஜோடித் தூண்கள். ஒவ்வொரு ஜோடியையும் ஒரு தடித்த உத்தரம் இணைக்கிறது. தூணின் உச்சியில் இல்லை, கொஞ்சம் கீழே இறங்கி இணைக்கிறது. ஆங்கில எழுத்து 'எச்' வடிவம். உத்தரத்தின் முனையில் செதுக்கிய கழுந்து தூணைத் துளைத்து மறுபக்கம் வெளியே நீண்டு, நுனி நாக்கு மாதிரி உருண்டிருக்கிறது. மரஆப்பு அடித்து இறுக்கியிருக்கிறார்கள். இரும்பு ஆணி இல்லாத இணைப்பு. கூரையைக் காற்று அழுத்தினாலும், பரணில் தானியம் ஏறினாலும், தூண்கள் விலகாமல் இந்த உத்தரம் பிடித்துக்கொள்கிறது.

"நியூ பால்ட்ஸ்ல பார்த்த உத்தரம், கிண்டர்ஹூக்ல இரும்புப் பட்டை பிடிச்சிருந்த சட்டகம், எல்லாம் இதோட குடும்பம்தான் மாமா" என்றாள். மர வீட்டிலும் செங்கல் வீட்டிலும் இதே 'எச்' சட்டங்கள்தான் நெருக்கமாக நிற்கின்றன. கல் வீட்டில் மட்டும் தூண் இல்லை, உத்தரம் நேராகச் சுவரில் உட்கார்கிறது. ஆனால் அதே வரிசை, அதே இழைப்பு. டச்சுக்காரர் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தது இதைத்தான். கூரை மாறியது, சுவர் மாறியது, அடுப்பு மாறியது. ஆங்கிலேயர் ஆட்சி வந்து நூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகும் தச்சர்கள் இந்தச் சட்டத்தை விடவில்லை.

தூண்களில் இணைப்புக்குப் பக்கத்தில் உளியால் ரோமன் எண்கள் வெட்டியிருக்கின்றன. தரையில் கிடத்தி ஒவ்வொரு இணைப்பையும் பொருத்திப் பார்த்து, எண் போட்டு, பிறகு ஊரே கூடித் தூக்கி நிறுத்துவார்கள். இது கையால் அறுத்த வேலை. ஒரு கழுந்து இன்னொரு துளைக்குப் பொருந்தாது. ஆகவே எண்.

இப்படிக் கழற்றிப் பூட்ட முடிவதே இந்தக் களஞ்சியங்களுக்கு ஆபத்தாகவும் ஆகியிருக்கிறது. விவசாயம் குறைந்த பிறகு பல களஞ்சியங்கள் மழையில் நனைந்து சரிந்தன. பலவற்றைக் கழற்றி வேறு மாநிலங்களுக்கு விற்று, வசதியானவர்களின் வீட்டுக் கூடமாக மாற்றிவிட்டார்கள். சரிந்து மக்குவதைவிட அது மேல்தான். ஆனாலும் வயலும் ஆறும் இல்லாத இடத்தில் அது நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இங்கே பக்கத்திலேயே மொஹாக் ஓடுகிறது, கோதுமை ஏற்றிய படகுகள் இதே கரையிலிருந்து புறப்பட்டன.

அக்கா மகள் மதியம் முழுக்கத் தூண்களுக்கு இடையிலான இடைவெளியை அளந்து எழுதிக்கொண்டாள். நாளைக் காலை ஷெனெக்டடியில் ஸ்டாக்கேட் பகுதி. நியூயார்க் மாநிலத்தில் உள்ளூர்ச் சட்டத்தால் முதலில் பாதுகாத்த பழைய குடியிருப்பு, 1962-ல். அங்கே யூனியன் தெருவில் யேட்ஸ் வீட்டின் முக்கோணச் சுவரைப் பார்த்துவிட்டு ரயில் ஏறுகிறோம்.